கொல்லைக்கு வரும் குருவியை நெருக்கமாகப் படமெடுக்க: நீண்ட லென்ஸா, மறைப்பா, ஜன்னலா, ரிமோட்டா?

கொல்லையில் வந்து உட்காரும் ஒரு சிட்டுக்குருவியைப் படமெடுக்க வேண்டும். முகம் தெரிய வேண்டும், கண்ணில் ஒளிப்புள்ளி விழ வேண்டும், கழுத்து இறகுகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிய வேண்டும். இந்த ஆசை வந்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது ‘எத்தனை மி.மீ. லென்ஸ் வாங்கலாம்?’ என்றுதான். அப்படிக் கேட்டால் பதில் எப்போதும் ‘இருப்பதைவிடக் கொஞ்சம் நீளமானது’ என்றே வரும். என் கணிப்பு வேறு. காட்டில் தேடிப்போய் எடுக்கும் பறவையை மறுபடி பார்ப்போமா என்பதே சந்தேகம். கொல்லைக்கு வரும் பறவை நாளைக்கும் வரும், பெரும்பாலும் அதே கிளைக்கு, அதே நேரத்துக்கு. வரும் இடம் தெரிந்துவிட்டால், லென்ஸை நீட்டுவதற்கு முன்னால் தூரத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

வழிகள் பல. தள்ளி நின்று நீண்ட டெலி லென்ஸில் எடுக்கலாம். துணி மறைப்புக்குள் உட்கார்ந்து நடுத்தர லென்ஸில் எடுக்கலாம். வீட்டு ஜன்னலையே மறைப்பாக்கிக்கொள்ளலாம். கேமராவை மட்டும் பறவைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாம் உள்ளே இருந்து ரிமோட்டில் இயக்கலாம். இது எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு, கழற்ற முடியாத மிக நீண்ட ஜூம் லென்ஸோடு வரும் சூப்பர் ஜூம் கேமரா இருக்கிறது. கைபேசி எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் நுழையும்.

முதலில் கணக்கு

சிட்டுக்குருவி அலகு முதல் வால் வரை சுமார் 15 செ.மீ. அதை 600 மி.மீ. லென்ஸில் 5 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சென்சாரில் அதன் உருவம் சுமார் 20 மி.மீ. நீளத்துக்கு விழும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. ஆக, படத்தில் பாதிக்கு மேல் குருவிதான். அதே லென்ஸோடு 10 மீட்டருக்குத் தள்ளிப் போனால் உருவம் 10 மி.மீ.க்கும் குறைந்துவிடும். 20 மீட்டரில் 4.6 மி.மீ.தான் மிஞ்சும். 24 மெகாபிக்சல் கேமராவில் இதைப் பிக்சலாகப் பார்த்தால், 5 மீட்டரில் குருவியின் நீளத்துக்கு 3400 பிக்சல் கிடைக்கிறது, 20 மீட்டரில் 770 கூடத் தேறாது. அந்த 770 பிக்சலை வெட்டிப் பெரிதாக்கினால் இறகு வராது, இறகு மாதிரி ஏதோ ஒன்றுதான் வரும்.

இப்போது 300 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொண்டு 2.5 மீட்டருக்கு வாருங்கள். உருவம் அதே 20 மி.மீ. இதைவிடச் சின்ன சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமரா என்றால் 3 மீட்டரிலேயே குருவி படத்தின் அகலத்தில் பத்தில் ஏழு பங்கை அடைத்துக்கொள்ளும். நீண்ட லென்ஸில் ஃபோகஸ் ஆழம் குறைவு என்று சொல்வார்கள். உருவத்தின் அளவும் அபெர்ச்சரும் (லென்ஸில் ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறியது) ஒன்றாக இருந்தால் ஆழமும் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே சொன்ன இரண்டிலும் எஃப் 6.3இல் தெளிவாக இருக்கும் பகுதி இரண்டேகால் செ.மீ. அளவுதான். பறவை பக்கவாட்டில் நின்றால் அது போதும். நம்மை நேராகப் பார்த்தால் அலகும் கண்ணும் கிடைக்கும், முதுகு கரைந்துபோகும்.

லென்ஸ் வாங்கும்போது பெரும்பாலோர் பார்க்கத் தவறுவது மிகக் குறைந்த ஃபோகஸ் தூரத்தை. சிக்மா 150-600 கன்டெம்பரரி லென்ஸ் 2.8 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. அதன் உச்சப் பெருக்கம் ஏறக்குறைய 0.2 மடங்கு, அதாவது சென்சாரில் விழும் உருவம் பொருளின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு. கேனான் 100-400 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 0.98 மீட்டர் வரை நெருங்கும், பெருக்கம் 0.31 மடங்கு. 400இல் முடியும் லென்ஸ், 600இல் முடியும் லென்ஸைவிடப் பெரிய குருவியைத் தரும், குருவி அவ்வளவு பக்கத்தில் வர விட்டால். எடை குறைவு என்பதற்காகப் பலர் விரும்பும் கேனான் ஆர்எஃப் 600 எஃப் 11 லென்ஸுக்குக் குறைந்தபட்சம் 4.5 மீட்டர் வேண்டும், அதன் 800 மி.மீ. அண்ணனுக்கு 6 மீட்டர். சின்னக் கொல்லையில் இது உண்மையான தடை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்றுக் குழாய் ஒன்றை மாட்டினால் இன்னும் நெருங்கலாம். ஆனால் அதை மாட்டியிருக்கும்வரை தூரத்துப் பொருள் எதுவும் ஃபோகஸ் ஆகாது.

தள்ளி நின்று நீண்ட லென்ஸில்

இந்த வழியின் முதல் நன்மை பறவைக்கு. 8, 10 மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு அசையாமல் இருந்தால், மனித நடமாட்டத்துக்குப் பழகிய குருவி நம்மைப் பொருட்படுத்தாது. இரண்டாவது நன்மை கோணம். குருவி தரையில் மேய்கிறது, கேமரா நம் கண் உயரத்தில் ஒன்றரை மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டரிலிருந்து பார்த்தால் கேமரா கிட்டத்தட்ட 27 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கும். கிடைப்பது உச்சந்தலையும் முதுகும். 10 மீட்டருக்குப் போனால் அந்தச் சாய்வு 8, 9 டிகிரியாகக் குறைந்துவிடும். குனியவோ தரையில் படுக்கவோ முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி.

மூன்றாவது, பின்னணி. இதில் நீண்ட லென்ஸை எதுவும் அடிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பறவைக்கு 10 மீட்டர் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது. 600 மி.மீ. லென்ஸில் 5 மீட்டரிலிருந்து எடுத்தால், அந்தச் சுவரில் சுமார் 90 செ.மீ. அகலம்தான் படத்துக்குள் வரும். 300 மி.மீ. லென்ஸில் 2.5 மீட்டரிலிருந்து, அதே அளவு குருவியை எடுத்தால், ஒன்றரை மீட்டர் வரும். கொடியில் காயும் துணி, வாளி, குழாய் என்று கொல்லையில் ஏதாவது கிடக்கும். அந்த அறுபது செ.மீ. வித்தியாசத்துக்குள்தான் பெரும்பாலும் அந்த வாளி இருக்கும். மங்கலும் நீண்ட லென்ஸில் கூடுதல் மென்மையாக விழும்.

குறைகளுக்கு வருவோம். எடை: சிக்மா 150-600 கன்டெம்பரரி 1.9 கிலோவுக்கு மேல், சோனி 200-600 சுமார் 2.1 கிலோ, நிக்கான் 200-500 சுமார் 2.3 கிலோ. கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருக்க முடியாது, முக்காலி வேண்டும். ஒளி: இந்த ஜூம்கள் கடைசி நீளத்தில் எஃப் 5.6 அல்லது 6.3 வரைதான் திறக்கும். கொல்லை என்பது பெரும்பாலும் சுவர் நிழல், மர நிழல். அங்கே 1/1000 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அளவு, 1600, 3200 என்று ஏறும். எஃப் 11 லென்ஸ் என்றால் அதைப்போல இன்னும் மூன்று, நான்கு மடங்கு. நுண்ணிய இறகு வேலைப்பாட்டைத்தான் அப்போது படத்தில் மணல்போல் விழும் இரைச்சல் முதலில் தின்கிறது.

லென்ஸின் நீளத்தைப் பெருக்கும் டெலிகன்வர்ட்டர் போட்டு ஈடுகட்டலாமே என்றால், 1.4 மடங்குக் கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் ஒளியை, அதாவது பாதி ஒளியை, எடுத்துக்கொள்ளும். எஃப் 6.3 லென்ஸ் எஃப் 9 ஆகிவிடும். வெயில் நேரத்தில் சூடான தரைக்கு மேல் காற்று அலைபாய்வதும் படத்தைக் கெடுக்கும். இதற்கு எந்த லென்ஸிலும் மருந்து இல்லை, பறவைக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் காற்றைக் குறைப்பதைத் தவிர.

மறைப்பு

இது புதுச் சரக்கு இல்லை. இங்கிலாந்தின் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892இலேயே பறவைக் கூட்டைப் படமெடுத்தவர்கள். 1900ஐ ஒட்டி, பாடம் செய்த மாட்டின் உள்ளே குடைந்து, அதற்குள் நின்று பறவைகளைப் படமெடுத்தார்கள். அன்றைய கேமராவில் பறவை பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நெருங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. இன்று லென்ஸ் நீண்டுவிட்டதால் நெருங்கும் கலை கொஞ்சம் மறந்துபோய்விட்டது.

நமக்கு மாடு வேண்டாம். மடக்கு நாற்காலிக்கு மேல் விரியும் துணிக் கூடாரம் போதும். நாலு கம்பு நட்டு மங்கிய நிறப் பழைய போர்வையைச் சுற்றினாலும் போதும். முக்கியம் பொருள் இல்லை, பழக்கம். மறைப்பை ஒரே நாளில் பறவையின் கிளைக்கு அருகில் நட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் குருவி அந்தப் பக்கமே வராது. முதலில் கொல்லையின் ஓரத்தில் காலியாக நிற்க வையுங்கள். பறவைகள் அதைச் சட்டை செய்யாமல் மேயத் தொடங்கியதும் கொஞ்சம் நகர்த்துங்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம். காற்றில் படபடக்கும் துணி பறவையைத் துரத்தும், அதனால் கீழ் ஓரங்களைக் கல் வைத்து இழுத்துக் கட்ட வேண்டும். லென்ஸ் நீட்டும் ஓட்டையில் இருண்ட குழாய் ஒன்றையோ காலி அட்டைச் சுருளையோ முன்கூட்டியே பொருத்திவைத்தால், பிறகு லென்ஸ் அங்கே வரும்போது பறவைக்குப் புதிதாக எதுவும் தெரியாது.

உள்ளே உட்காரும்போது முதுகுப் பக்கத் துணி முழுதாக மூடியிருக்க வேண்டும். பின்னால் வெளிச்சம் இருந்தால் நம் நிழலுருவம் முன்துணியில் அசைவது தெரிந்துவிடும். முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத சின்ன முக்காலி ஸ்டூல் நல்லது. கேமரா பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கும். அந்த மட்டம் கிடைத்ததும் படத்தின் தன்மையே மாறிவிடும். எதிரே நிற்கும் ஓர் உயிரின் முகம் அது, மேலிருந்து குனிந்து பார்த்த ஏதோ ஒன்று இல்லை. என் பார்வையில், லென்ஸில் கூடுதலாக 200 மி.மீ. சேர்ப்பதைவிட கேமராவை ஒரு மீட்டர் கீழே இறக்குவது படத்துக்கு அதிகம் செய்கிறது.

மறைப்பு எல்லாப் பறவையிடமும் பலிக்காது. ஆள் உள்ளே போவதைப் பார்த்த காகம் அவ்வளவு எளிதில் மறக்காது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் ஒரு முகமூடியை அணிந்துகொண்டு காகங்களைப் பிடித்து, பிறகு பறக்கவிட்டார்கள். அந்த முகமூடியைக் கண்டால் காகங்கள் பல ஆண்டுகள் கழித்தும் கூடிக் கத்தின. காகத்தைக் குளோசப்பில் எடுக்க நினைப்பவர் மறைப்பைவிட, தினமும் ஒரே உடையில் ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்து பழகுவது மேல். குருவி, மைனா, தேன்சிட்டு இவற்றுக்கு மறைப்பு நன்றாகவே பலிக்கும்.

பறவை எங்கே உட்கார வேண்டும் என்பதையும் மறைப்பில் நாமே தீர்மானிக்கலாம். ஒரு தண்ணீர்த் தட்டு வையுங்கள். இரண்டு முதல் ஐந்து செ.மீ. ஆழம், சொரசொரப்பான அடிப்பகுதி. தானியம் தின்னாத பறவைகள்கூடத் தண்ணீருக்கு வரும். மேலே தொங்கும் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தால் இன்னும் விரைவில் கண்டுபிடிக்கும். தட்டுக்கு ஒரு முழம் தள்ளி, பட்டை உரியாத காய்ந்த கிளை ஒன்றை நட்டுவிடுங்கள். பெரும்பாலான பறவைகள் நேரே தண்ணீரில் இறங்குவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். படம் அந்தக் கிளையில்தான். கிளை விரலளவு தடிமனுக்கு மேல் இருந்தால் குருவியின் கால்களை மறைத்துவிடும். பின்னால் குறைந்தது நாலைந்து மீட்டர் வெற்றிடமோ தூரத்துப் பசுமையோ இருக்கும்படி திசையைத் தேர்ந்தெடுத்தால், நீண்ட லென்ஸ் பின்னணியில் பெற்ற சலுகையில் பெரும்பகுதி 300க்கும் கிடைத்துவிடும்.

தட்டு வைத்தால் பொறுப்பும் சேர்ந்து வரும். பிரிட்டனில் 2005 முதல் டிரைக்கோமோனோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் தோட்டப் பறவைகளிடையே பரவி, கிரீன்ஃபின்ச் பறவைகளின் எண்ணிக்கையைப் பெருமளவு சரித்தது. பறவைகள் கூடும் தீனித் தட்டும் தண்ணீர்த் தட்டும் அது பரவும் இடங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றி, தட்டைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க முடியாதவர் தட்டு வைக்காமல் இருப்பதே நல்லது. பூனை பதுங்க வசதியாகப் புதருக்கு ஒட்டியும் வைக்கக் கூடாது. மறைப்பைக் கூட்டுக்கு அருகில் கொண்டுபோகும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். தாய்ப்பறவை இரையை வாயில் வைத்துக்கொண்டு இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தால், நாம் அங்கே இருப்பதுதான் காரணம். ஆபத்து நமக்கும் உண்டு. புகழ்பெற்ற பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங் 1937இல் கூட்டருகே இருந்த தன் மறைப்புக்கு ஏறும்போது ஆந்தை தாக்கி இடது கண்ணை இழந்தார்.

ஜன்னல்

சோம்பேறிகளின் மறைப்பு என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு இதில் மரியாதை அதிகம். வீடு பறவைக்கு ஏற்கெனவே பழகிய பொருள், நகர்த்தி நகர்த்திப் பழக்க வேண்டியதில்லை. ஜன்னல் திறந்திருந்தால் திரையை இழுத்துவிட்டு, இடுக்கில் லென்ஸை வைத்தால் வேலை முடிந்தது. அறை விளக்கு அணைந்திருக்க வேண்டும். ஒரே எச்சரிக்கை, அறைக்குள்ளும் வெளியிலும் வெப்பநிலை மிகவும் வேறுபட்டால், திறந்த ஜன்னலில் இரு காற்றும் கலக்கும் இடத்தில் படம் நடுங்கும். கொஞ்ச நேரம் திறந்துவைத்து இரண்டும் சமமான பிறகு எடுப்பது நல்லது.

கண்ணாடி வழியாக எடுக்க வேண்டியிருந்தால் நிலைமை வேறு. கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக லென்ஸ் இருக்க வேண்டும். சாய்ந்தால், அதுவும் இரட்டைக் கண்ணாடி என்றால், ஒவ்வோர் இறகுக்கும் பேய்போல ஒரு இரட்டை விழும். லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் அறையின் பிரதிபலிப்பு போய்விடும். இவ்வளவு செய்தும் மலிவான அலைநெளிவுக் கண்ணாடியில் 500, 600 மி.மீ. லென்ஸ் தெளிவை இழக்கும், குறைந்த நீள லென்ஸ் பெரிதாகப் பாதிக்கப்படாது. ஜன்னலுக்கு நீண்ட லென்ஸ் பொருந்தாது என்று நான் நினைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பறவைகள் கண்ணாடியில் வானத்தைப் பார்த்து மோதிக்கொள்ளும். தட்டையும் கிளையையும் ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்தால் அவற்றுக்கு வேகம் எடுக்க இடமிருக்காது. இல்லாவிட்டால் நன்றாகத் தள்ளி, பத்து மீட்டர் அளவில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் வைப்பதுதான் மோசம்.

ரிமோட்

கேமராவைப் பறவையிடம் விட்டுவிட்டு மனிதன் விலகிக்கொள்ளும் யோசனையும் பழையதுதான். ஜார்ஜ் ஷைராஸ் இரவில் விலங்குகள் இழுத்துவிடும் கயிற்றோடு கேமராவையும் ஃபிளாஷ் ஒளியையும் இணைத்துப் படமெடுத்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. இன்று கைபேசி ஆப்பிலேயே கேமராவின் திரை தெரிகிறது.

இதன் பலம், வேறெந்த வழியிலும் கிடைக்காத ஒரு படம். 24 மி.மீ. அகல லென்ஸை, குருவி உட்காரும் இடத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் வையுங்கள். குருவி படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைக்கும், பின்னால் கொல்லை முழுவதும், வீட்டுச் சுவர், வானம் எல்லாம் தெரியும். எஃப் 8இல் ஏழு செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும். பறவையின் முகம் மட்டும் வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றமே தரும். அவ்வளவு பக்கத்தில் அகல லென்ஸ் அலகைப் பெருக்கி உடலைச் சுருக்கிக் காட்டும். முகத்துக்கு 100 மி.மீ. மேக்ரோ லென்ஸை ஒரு மீட்டரில் வைப்பது பொருத்தம்.

நடைமுறைத் தொல்லைகள் நிறைய. வைஃபை ஆப்பில் நாம் தொடுவதற்கும் ஷட்டர் விழுவதற்கும் நடுவில் ஒரு தாமதம் இருக்கும், குருவிக்குத் தலையைத் திருப்ப அது தாராளம். ரேடியோ டிரிகரோ நீண்ட வயரோ மேல். ஃபோகஸைக் கிளைமேல் முன்பே பூட்டிவைக்க வேண்டும். இயந்திர ஷட்டரின் சத்தம் 30 செ.மீ. தூரத்தில் பறவைக்குத் துப்பாக்கி. மின்னணு ஷட்டரே போட வேண்டும், அதில் வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து விழக்கூடும். கேமராவை வைப்பதற்கு முன் அதே அளவு கறுப்பு அட்டைப்பெட்டியைச் சில நாள் அங்கே வைத்துப் பழக்குவது உதவும். பனி, தூறல், எச்சம் மூன்றையும் தாங்க ஒரு பிளாஸ்டிக் உறை கட்டாயம். பொறுமை இருப்பவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

சூப்பர் ஜூமும் கைபேசியும்

2018இல் வந்த நிக்கான் பி1000, 3000 மி.மீ.க்குச் சமமான நீளம் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. உண்மை நீளம் 539 மி.மீ., சென்சார் நகத்தளவு. முழு நீளத்தில் எஃப் 8. அந்த அபெர்ச்சரில், துளை வழியே போகும் ஒளி விளிம்பில் வளைந்து பரவும் இயல்பு (டிஃப்ராக்ஷன்) ஒரு புள்ளியைச் சுமார் பத்து மைக்ரான் வட்டமாகப் பரப்பிவிடும், சென்சாரின் பிக்சலோ ஒன்றரை மைக்ரான்கூட இல்லை. படம் பெரிதாகும், விவரம் கூடாது. முழு நீளத்தில் 7 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸும் ஆகாது. உயரக் கிளையில் இருப்பது என்ன பறவை என்று கண்டுபிடிக்க இது அருமையான கருவி. இறகு எண்ண உதவாது. ஒரு அங்குல சென்சாரும் 600 மி.மீ. சமநீளமும் கொண்ட சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு போன்றவை இதைவிட நல்ல சமரசம். ஒரே கேமராவில் எல்லாம் வேண்டும் என்பவருக்குப் பொருந்தும்.

கைபேசியின் ஐந்து மடங்கு லென்ஸ் 3 மீட்டரில் குருவியைச் சின்னதாகத்தான் தரும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நெருங்குவது வீண். ரிமோட் கேமராவாக்குங்கள். தண்ணீர்த் தட்டுக்கு அரை மீட்டரில் நிறுத்தி, 4கே வீடியோ ஓடவிட்டு உள்ளே போய்விடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் சுமார் 8 மெகாபிக்சல். ஆனால் வீடியோவில் ஷட்டர் வேகம் இயல்பாகக் குறைவாக இருக்கும் என்பதால், வெயில் நல்ல நேரத்தில் வேகத்தைக் கையால் 1/1000க்கு ஏற்றிவைக்க வேண்டும். செலவில்லாமல் தொடங்க இதைவிட வழி இல்லை.

எந்த வழியானாலும்

குருவி சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அதன் தலை நிலையாக இருப்பதில்லை. ஒரு திசையில் நிறுத்தி, சட்டென்று வெட்டித் திருப்பும். 1/250இல் லென்ஸின் நடுக்கத் தடுப்பு நம் கையைக் காப்பாற்றும், குருவியின் தலையைக் காப்பாற்றாது. உட்கார்ந்த பறவைக்கு 1/1000 பாதுகாப்பு, இறகை உதறிக் குளிக்கும்போது 1/2000க்கு மேல். ஒற்றைப் படத்தை நம்பாமல் சிறு பர்ஸ்டாக, அதாவது அடுத்தடுத்துச் சில படங்களாக, எடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. பறவைக்கு மூன்றாம் இமை உண்டு. அது கண்ணைக் கடக்கும் நொடியில் விழுந்த படத்தில் கண் பால் படர்ந்ததுபோல் இருக்கும். 2020ஐ ஒட்டி வந்த மிரர்லெஸ் கேமராக்களில் பல, பறவையின் கண்ணைத் தாமாகவே பிடித்து ஃபோகஸ் செய்கின்றன. குளோசப்பில் நூறு மி.மீ. கூடுதல் நீளத்தைவிட இந்த வசதி பெரிது என்பது என் எண்ணம்.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது

கையில் ஏற்கெனவே ஒரு 70-300 அல்லது 55-250 இருக்கிறதா? புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். துணி மறைப்போ ஜன்னலோ ஏற்பாடு செய்து, கிளையை 3 மீட்டரில் நட்டுவிடுங்கள். கொல்லையில் குருவி, மைனா மட்டத்துப் பறவைகளுக்கு இதுவே என் முதல் பரிந்துரை. தேன்சிட்டு போன்ற பத்து செ.மீ. பறவை என்றால் தூரத்தை 2 மீட்டருக்குக் கொண்டுவர வேண்டும், அங்கே லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கொல்லைக்கு மட்டும் என்றால் 100-400 வகைதான். ஒரு மீட்டர் வரை நெருங்கும் குணம் அவற்றில் சிலவற்றுக்கு உண்டு, பட்டாம்பூச்சிக்கும் ஓணானுக்கும் கைகொடுக்கும், தோளும் வலிக்காது. 150-600 அல்லது 200-600 வாங்க வேண்டியவர்கள் இரண்டு வகை. ஒன்று, கொல்லையோடு நிற்காமல் ஏரி, காடு என்று போகப்போகிறவர்கள். இன்னொன்று, தங்கள் பறவை கீழே இறங்கவே இறங்காதவர்கள். உயர்ந்த மரத்தின் உச்சியில் தினமும் ஒரே கிளையில் கூவும் பறவைக்கு மறைப்பும் பயனில்லை, தட்டும் பயனில்லை. மாடியின் மேல்தளம் அந்தக் கிளை உயரத்துக்கு வருமானால் அங்கே முக்காலியை வைத்து, 600ஐ மாட்டி, காலை வெயில் முதுகுப்பக்கம் விழும்படி நின்றுகொள்ள வேண்டியதுதான்.

அகல லென்ஸ் ரிமோட்டை, நல்ல நெருக்கப் படங்கள் கொஞ்சம் சேர்ந்த பிறகு முயலலாம். அப்போதுதான் குருவி எந்தக் கிளையில் எந்தப் பக்கம் முகம் காட்டி உட்காரும் என்பது தெரிந்திருக்கும், ஃபோகஸை எங்கே பூட்டுவது என்ற ஊகமும் வேண்டியிருக்காது.